மூன்று துறைகளும் ரூத் ஃபர்ஸ்ட்டும்

இதழியல், அரசியல் கல்வி, ஆப்பிரிக்கவியல் ஆகிய மூன்றையும் சேர்த்து ஆய்வு செய்ய விரும்பும் மாணவரிடம், ஏதாவது ஒன்றில் ஊன்றி நிற்கும்படி சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்த அறிவுரையோடு எனக்கு உடன்பாடில்லை. தென்னாப்பிரிக்க இதழாளரும் ஆய்வாளரும் நிறவெறி அரசை எதிர்த்தவருமான ரூத் ஃபர்ஸ்ட் செய்த வேலையில் இம்மூன்றையும் பிரித்தெடுப்பதுதான் கடினம்.

1925-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அவர், பட்டம் பெற்றபின் இடதுசாரி வார இதழ் ஒன்றில் செய்தியாளரானார். 1947-இல் பெத்தல் வட்டாரப் பண்ணைகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் அடிமைகளைப்போல் நடத்தப்பட்டதை, மைக்கேல் ஸ்காட் என்ற பாதிரியாருடன் நேரில் சென்று பார்த்து எழுதினார். கொடுமைக்காரப் பண்ணையாரைச் சாடுவதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல செய்தி, அவ்வளவுதான். கறுப்பினத்தவர் உடன் வைத்திருக்க வேண்டிய நடமாட்ட அனுமதிச் சீட்டு இல்லாமல் பிடிபட்டவர்களே அப்பண்ணைகளுக்கு ஆள்களாக அனுப்பப்படுகிறார்கள் என்பதை அடுத்தடுத்த ஆண்டுகளில் அவர் தொடர்ந்து எழுதியபோது, அச்செய்தியே வாசகர்களுக்கு அரசியல் பாடமாயிற்று.

1963-இல் விசாரணையின்றி 117 நாள்கள் சிறை, மறு ஆண்டு இங்கிலாந்தில் தஞ்சம், டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி. இவற்றையெல்லாம்விட, 1977 முதல் மொசாம்பிக்கின் தலைநகர் மபுட்டோவில், எதுவார்து மொன்ட்லானே பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்கவியல் மையத்தில் அவர் செய்த பணியே இந்த மாணவருக்கு முக்கியம். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் 1975-இல் 1,00,000-க்கும் மேலிருந்த மொசாம்பிக் தொழிலாளர்களின் எண்ணிக்கை, அடுத்த ஆண்டே பாதிக்கும் கீழே சரிந்திருந்தது. அவர்கள் வெறுமனே நிலத்துக்குத் திரும்பிவிட முடியுமா என்ற கேள்வியோடு ஆய்வுக் குழுக்கள் இன்யம்பானே மாகாணத்துக்குச் சென்று சுரங்கத் தொழிலாளர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் பேசின. கலப்பையும் மாடும் வாங்கியதே சுரங்கக் கூலியில்தான், ஆகவே வேளாண்மை தனியாக நிற்கவில்லை என்பது தெரியவந்தது. தொழிலாளரைத் திருப்பியழைப்பது கொள்கையளவில் எளிதாகத் தெரிந்த மொசாம்பிக் அரசுக்கு இது இனிப்பான விடையாக இருந்திருக்காது.

பின்னர் அம்மையம் நடத்திய வளர்ச்சிப் படிப்பில் அரசு அலுவலர்களும் ஆளுங்கட்சி ஊழியர்களும் மாணவர்களாகச் சேர்ந்து, களத்துக்குப் போய்க் கேட்டு எழுதியே பயின்றார்கள். கேள்வி கேட்கும் முறை செய்தியாளருடையது. கற்றவரோ நாட்டை நடத்த வேண்டியவர். பொருள் ஆப்பிரிக்கக் கிராமம். துறைவாரியாகப் பிரிந்து கிடக்கும் நம் காலத்துப் பல்கலைக்கழகங்களில் இப்படியொரு வகுப்பறையை நடத்த ஒப்புதல் வாங்குவதே பெரும்பாடு. 1982 ஆகஸ்ட் 17 அன்று, தென்னாப்பிரிக்கப் பாதுகாப்புக் காவல் துறை அனுப்பிய பொதிக்குண்டு அவரைப் பல்கலைக்கழக அறையிலேயே கொன்றது.

இதை முன்மாதிரியாகக் கொள்ளும் மாணவர் ஒரு சிக்கலையும் எதிர்கொண்டாக வேண்டும். ஆளுங்கட்சியின் ஊழியரே குறிப்பேட்டுடன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு விவசாயி அந்தக் கட்சியின் கொள்கையைப் பற்றி எவ்வளவு தூரம் மனம்திறந்து பேசியிருப்பார்? ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் இந்தக் கேள்விக்கு இடமில்லையென்றால், அந்த ஆய்வேட்டை நானே திருப்பி அனுப்பிவிடுவேன்.