அசிமோவை எங்கிருந்து தொடங்குவது?

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவைப் படிக்க விரும்புபவர்களை 'ஃபவுண்டேஷன்' நாவலில் இருந்து தொடங்கச் சொல்கிறது ஒரு கட்டுரை. புதிதாகப் படிப்பவர்களுக்கு அது சரிப்பட்டு வராது. 1951-ல் நூலாக வந்தாலும் அதில் பெரும்பகுதி 1940-களில் பத்திரிகையில் வந்த கதைகள். பல ஆண்டுகள் தாவும், பழகிய பாத்திரங்கள் காணாமல் போவார்கள்.

முதலில் 'நைட்ஃபால்' சிறுகதையைப் படியுங்கள். ஆறு சூரியன்கள் உள்ள கிரகத்தில் 2049 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இரவு. விளக்கே தேவைப்படாத அந்த ஊர் விஞ்ஞானிகள், நாணலைக் கொழுப்பில் தோய்த்துப் பந்தம் செய்து வைத்திருப்பார்கள். அதைக் கொளுத்தும் இடம் அபாரம்! இதை எழுதியபோது அசிமோவுக்கு வயது 21.

அப்புறம் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' (1954). ஒரு போலீஸ்காரரும் மனித உருவ ரோபோவும் சேர்ந்து கொலையைத் துப்பறிகிறார்கள். கூரைக்கடியில் நெருக்கியடித்து வாழும் நியூயார்க்; பொதுச் சமையல்கூடம், பொதுக் குளியலறை. வீட்டுக்குள் வாஷ்பேசினில் தண்ணீர் வருவதே பதவிக்குக் கிடைக்கும் சலுகை. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னைவாசிக்கு அந்தப் பக்கங்கள் நன்றாகவே புரியும். கிரைம் நாவல் பிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அசிமோவுக்கே மிகவும் பிடித்த 'தி லாஸ்ட் கொஸ்டின்' கதையையும் விட்டுவிடாதீர்கள்.

சரி, ஃபவுண்டேஷன்? இவற்றைப் படித்த பிறகு அதற்குப் போங்கள். 1988-ல் வந்த 'பிரிலூட் டு ஃபவுண்டேஷன்' நாவல் அதன் முன்கதைதான் என்றாலும் அதை முதலில் தொடவேண்டாம். வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள்.