அடியில் கிடந்த கல்லைப் பற்றி

1629 ஜூனில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் பவளப்பாறையில் மோதி உடைந்த படேவியா என்ற டச்சு பாய்மரச் சரக்குக் கப்பலைப் பற்றிய கட்டுரை அருமை. வெள்ளிக் காசு, கலகம், கொலை எல்லாம் விரிவாக இருக்கிறது. ஆனால் கப்பலின் அடியில் கிடந்த கல்லை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே ஐயா! என் மனசு அங்கேதான் நின்றது.

நான் பர்கூர் பக்கம் கல் பட்டறையில் வேலை செய்கிறேன். ஒரு கோயில் நிலைவாசல் அனுப்புவதென்றால் துண்டுக்குத் துண்டு பெயின்டில் எண் போட்டு, மூலை உடையாமல் வைக்கோல் திணித்துத்தான் லாரி ஏற்றுவோம். ஒரு முனை பெயர்ந்தாலும் அங்கே போய்ப் பொருந்தாது. அந்தக் கப்பலில் போனதும் ஒரு வாசல்தான்: செதுக்கி முடித்த 137 மணற்கல் துண்டுகள், இன்றைய ஜகார்த்தாவில் இருந்த கோட்டைக்கு. கப்பல் சாயாமல் இருக்க அடிப்பாரமாகவும் அதுவே உதவியது.

முந்நூறு வருடத்துக்கு மேல் உப்புத் தண்ணீரில் கிடந்த கல். வெளியே எடுத்து அடுக்கினால் வாசலாகவே எழுந்து நிற்கிறது, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்டன் நகர அருங்காட்சியகத்தில். செதுக்கியவர் கை எப்பேர்ப்பட்ட கை!

அதன் படம் ஒன்று சேருங்கள். பட்டறைப் பையன்களுக்குக் காட்ட வேண்டும்.