கடன் வாங்கிக் கழித்தல்

அக்கா மகள் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அவள் கணக்கு நோட்டைப் புரட்டினேன். 52-இல் 27 போனால் 35 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு தப்புக்குறி, கீழே ‘5 தடவை எழுது’. சரியான விடையை ஐந்து தடவை எழுதியும் இருக்கிறாள். அடுத்த பக்கத்தில் 84-இல் 56 போனால் 32. அதே தப்பு.

2-இல் 7 போகாது என்றதும் பிள்ளை 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறது. இது கவனக்குறைவே இல்லை. பத்து என்பது ஒரு கட்டு, அவிழ்த்தால் பத்து ஒன்றுகள் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் டிடெட், அதாவது தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், படித்தவள். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுபோய், பயிற்சி வகுப்பில் கை நடுங்க அவிழ்த்துக் காட்டியிருக்கிறேன். இரண்டு வருடம் படித்தது இதைத்தான்.

அந்த மிஸ் பி.காம். முடித்த பெண். அவள்மேல் எனக்குக் கோபம் துளியும் இல்லை. குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைத்தால் போதும் என்று அவளைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள்மேல்தான் கோபம். ஒன்று முதல் எட்டு வரை பாடம் எடுக்கப் ஆசிரியர் பயிற்சியும் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும் என்று 2010-லேயே அறிவிப்பு வந்துவிட்டது. பயிற்சி இல்லாமல் வேலையில் இருந்தவர்களுக்கு 2019 மார்ச் 31 வரை அவகாசமும் கொடுத்தார்கள். தனியார் பள்ளிக்கும் சேர்த்துத்தான். ஆனால் பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும்தான் தேடிப்பிடித்து ஆள் போடுகிறார்கள், ரிசல்ட் வந்ததும் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டுமே. சின்ன வகுப்புக்கு யார் நின்றால் என்ன என்று நினைக்கிறார்கள். எழுத்தும் எண்ணும் பிடிபடும் வயதே அதுதானே!

அரசு மட்டும் என்ன செய்தது? 2022-இல் அரசுப் பள்ளிகளில் 13,331 ஆசிரியர் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பச் சொன்னது. சின்ன வகுப்பு எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்றது. வழக்கு நீதிமன்றம் போன பிறகுதான் டெட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு முன்னுரிமை என்று திருத்தினார்கள். 2013-இல் டெட் பாஸ் செய்துவிட்டு வேலைக்காகப் போராடிக்கொண்டே இருந்தவர்கள் இங்கே எத்தனை பேர்!

பள்ளி வாசலில் அந்த மிஸ்ஸைப் பார்த்தேன். நோட்டைக் காட்டியதும் முகம் வாடிவிட்டது. “எனக்கு யாருமே சொல்லித் தரலக்கா. இத எப்படிப் புரிய வைக்கணும்?” என்று கேட்டாள். வாசல் திண்டிலேயே உட்கார்ந்து தீக்குச்சிகளை எண்ணிக் கட்டிக் காட்டினேன். கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.

இந்த வாரத்திலிருந்து இரண்டாம் வகுப்புக் கணக்கையும் அவளிடமே கொடுத்திருக்கிறார்களாம்.