இளைப்பாறிய கமக்காரர்

பெரியப்பாவின் மரண அறிவித்தலில் மகன் அப்படித்தான் போட்டிருந்தான். இளைப்பாறிய அதிபர், இளைப்பாறிய தபாலதிபர் என்று வாசித்துப் பழகிய கண்ணுக்கு விசித்திரமாக இருந்தது. ஆனாலும் கோபம் வரவில்லை. எங்கள் ஊர் அறிவித்தல்களில் 'கமக்காரர்', அதாவது விவசாயி, என்ற சொல்லைக் காண்பதே அபூர்வம்.

கோபம் வந்தது முப்பத்தோராம் நாள் கொடுத்த 'கல்வெட்டு' என்ற நினைவு நூலைப் புரட்டியபோதுதான். தேவாரம், வம்சாவளி, பிள்ளைகள் எந்தெந்த நாட்டில், மருமக்களுக்கு என்ன வேலை. அறுபது வருடம் செய்த தோட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டேன். "அதில் எழுத என்ன இருக்கிறது?" என்றார்கள்.

பதினான்கு வயதில் கிணற்றில் நீர் இறைக்கும் துலாவை மிதிக்கத் தொடங்கியவர். மேலே ஆட்கள் துலாவில் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். பிறகு இறைப்பு மெஷின் வந்தது, துலா விறகாயிற்று. 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்திய காலத்தில், எட்டுப் பரப்புச் செம்மண்ணில் மிளகாய் போட்டே கல்வீடு எழுப்பினார். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. அந்த வீட்டின் பின் விறாந்தை இன்றும் பூசப்படாமல் கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

1990களில் அரசு வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடையில் யூரியா இல்லை. பழையபடி பூவரசங்குழையை உரமாக மண்ணில் தாழ்த்தினார். சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்டு மெஷினை இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடவைப்பார். விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயும் போய்விட்டது என்று பெரியம்மா ஏசுவார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்தது. எல்லோரும் நகையையும் காணி உறுதிக் கட்டையும் எடுத்துக்கொண்டு ஓட, இவர் சைக்கிள் கரியரில் கட்டியது விதை வெங்காயப் பிடிகளை. கொட்டிலில் தொங்கவிட்டுக் காயவைத்தவை. நாவற்குழிப் பாலத்து நெரிசலில் மழையில் நனையாமல் இருக்கத் தன் சாரத்தால் மூடினார். சாவகச்சேரியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நாற்பது பேருடன் கிடந்தோம். மூன்றாம் கிழமை கறிக்கு ஒன்றுமில்லை. பெரியம்மா அவரைக் கேட்காமலே விதையை உரித்துவிட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சோற்றில் கை வைக்கவுமில்லை.

அவ்வளவையும் பொறுத்தவருக்குப் பொறுக்க முடியாதது ஒன்றுதான்: சந்தையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று காசு தராமல் வெட்டுவது. செல் (எறிகணை) விழுந்ததைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்வார். கழிவைப் பற்றிச் சொல்லும்போது குரல் நடுங்கும். அவர் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

2021 இல் அரசு இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது இளம் தோட்டக்காரர்கள் குழை தாழ்ப்பதைப் பற்றிக் கேட்க இவரிடம் வந்தார்கள். "குழை வெட்ட வேலி எங்கே தம்பி? எல்லாரும் மதில் கட்டிவிட்டீர்களே," என்றார். கல்வெட்டில் இந்த ஒரு வசனமாவது வந்திருக்கலாம்.

பங்குக் கிணற்றில் அவருக்கு நாலில் ஒரு பங்கு. செவ்வாயும் சனியும் அவர் தண்ணீர் இறைக்கும் முறை. போன செவ்வாய் யாரும் மெஷின் பூட்டவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் என்னிடம் வந்து, அந்த முறையைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன முறை என்று கேட்டான் மகன்.