சி-295 விமானம்: வாட்ஸ்ஆப்பில் பரவும் தவறான செய்தி

விமானப்படையின் சி-295 போக்குவரத்து விமானம் முழுக்க முழுக்க இந்திய வடிவமைப்பு என்றும், 56 விமானங்களும் வதோதராவிலேயே கட்டப்படுகின்றன என்றும் ஒரு செய்தி பரவுகிறது. இரண்டும் தவறு.

இந்த விமானத்தின் வேர் ஸ்பெயினில் இருக்கிறது. அந்நாட்டின் காசா என்ற விமான நிறுவனம் இந்தோனேசியாவுடன் சேர்ந்து உருவாக்கிய சிஎன்-235 விமானம் 1983இல் முதன்முதலாகப் பறந்தது. அதன் உடலை நீட்டி, வலுவான எஞ்சின்களைப் பொருத்தி காசா உருவாக்கியதே சி-295. முதல் பறத்தல் 1997 நவம்பரில். காசா பின்னர் ஏர்பஸ்ஸின் அங்கமாயிற்று.

விமானப்படையின் பழைய ஆவ்ரோ போக்குவரத்து விமானங்களுக்கு மாற்றாக 2021 செப்டம்பரில் இந்தியா ஒப்பந்தம் செய்தது. 16 விமானங்கள் ஸ்பெயினிலிருந்து பறக்கும் நிலையில் வாங்கப்படுபவை. மீதி 40ஐத்தான் டாடா நிறுவனம் வதோதராவில் கட்ட வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் அப்போதைய அறிக்கையிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. பத்திரிகைத் தகவல் அலுவலக இணையதளத்தில் எவரும் படிக்கலாம்.

இந்தியத் தனியார் நிறுவனம் ஒன்று ராணுவ விமானத்தை முழுமையாகக் கட்டுவது இதுவே முதல்முறை. 56 விமானங்களிலும் உள்நாட்டு மின்னணுப் போர்க்கருவிகள் (எதிரியின் ரேடார், ஏவுகணைகளைக் கண்டறிந்து குழப்புபவை) பொருத்தப்பட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. என்னைப் பொறுத்தவரை இவையே பெருமைக்குப் போதும். பிறர் வடிவமைப்புக்கு உரிமை கொண்டாட வேண்டியதில்லை. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.