பள்ளி வயலின் ஆசிரியரின் பணியை எதைக் கொண்டு அளப்பது?

பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் கிடைக்காதவர்கள்தாம் பள்ளியில் வயலின் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள் என்ற எண்ணம், மேற்கத்திய இசையை விரும்பிக் கேட்கும் நம்மவர்களிடமும் இருக்கிறது. அமெரிக்காவில், செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் கல்லூரிகளில் கற்பித்து, 2011இல் மறைந்த வர்ஜீனியா ஜீன் ரிட்டன்ஹவுஸ் அம்மையாரின் வாழ்க்கையைப் படித்த பிறகு, அந்த எண்ணம் பெரும் அநீதி என்றே எனக்குப் படுகிறது.

அட்வென்டிஸ்ட் சபையினருக்கு வெள்ளி மாலை சூரியன் மறைவது முதல் சனி மாலை மறைவது வரை ஓய்வுநாள். தொழில்முறை ஆர்க்கெஸ்ட்ராக்களின் முக்கியக் கச்சேரிகள் பெரும்பாலும் அந்த இரண்டு நாள்களில்தான் நடக்கின்றன. இதே சபையைச் சேர்ந்த உலகப் புகழ்பெற்ற ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் ஹெர்பர்ட் புளோம்ஸ்டெட், ஒத்திகை என்பது வேலை, கச்சேரி என்பது வழிபாடு என்று வகுத்துக்கொண்டு, ஓய்வுநாளில் ஒத்திகையை மட்டும் தவிர்த்துவந்தார். டிரெஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, லைப்சிக் குழுக்களுக்குத் தலைமை தாங்கிய ஒருவரால் இப்படி நிபந்தனை விதிக்க முடியும். கடைசி வரிசையில் அமர்ந்து வாசிக்கும் இளம் வயலின் கலைஞரால் முடியுமா? நாள்காட்டியே ஓய்வுநாளைச் சுற்றி அமைந்த சபைப் பள்ளியில்தான் அத்தகையவர் மனச்சாட்சிக்கு முரண்படாமல் முழுநேர இசைக் கலைஞராக வாழ முடிகிறது.

மிஷனரிக் குடும்பத்துப் பிள்ளையாகத் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த ரிட்டன்ஹவுஸ், வயலின், பியானோ இரண்டிலும் தேர்ந்தவர், இசையமைப்பாளரும்கூட. 1969இல் மாசசூசெட்ஸின் சவுத் லங்காஸ்டரில், சில இளைஞர்களைச் சேர்த்து அவர் தொடங்கிய நியூ இங்கிலாந்து யூத் என்செம்பிள் என்ற இளைஞர் இசைக்குழு, பல நாடுகளுக்குப் பயணம் செய்ததோடு, நியூயார்க்கின் புகழ்பெற்ற கச்சேரி அரங்கமான கார்னகி ஹாலில் ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் ரட்டர் நடத்திய பாடகர் குழுக் கச்சேரிகளுக்கும் பக்கபலமாக வாசித்தது. பின்னாளில் அவர் மேரிலாந்துக்கு, இன்று வாஷிங்டன் அட்வென்டிஸ்ட் பல்கலைக்கழகம் எனப்படும் கல்லூரிக்கு, அக்குழுவையும் உடன் கொண்டுசென்றார்.

இந்தச் சாதனைகளுக்குப் பின்னால் இருக்கும் அன்றாட உழைப்பைத்தான் நாம் கணக்கில் எடுப்பதில்லை. குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும்போது காற்று உலர்ந்து, தந்திகளை முறுக்கும் பிருடைகள் நழுவ, ஒத்திகைக்கு முன் கருவிகளுக்கு ஒவ்வொன்றாகச் சுருதி சேர்க்க வேண்டும். வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவியான வயோலாவை வாசிக்க ஆளில்லாத ஆண்டில், அந்தப் பகுதியை மூன்றாம் வயலினுக்கு மாற்றி எழுத வேண்டும். எல்லா வில்லும் ஒரே திசையில் செல்ல, ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் குறியிட வேண்டும். இவ்வளவும் செய்து குழு ஒலிக்கத் தொடங்கும் நேரத்தில், தேர்ந்த மாணவர்கள் படிப்பை முடித்து வெளியேறிவிடுவார்கள். தொழில்முறைக் குழுவின் நடத்துநருக்கு ஆண்டுதோறும் இப்படி அடியிலிருந்து கட்டவேண்டிய நிலை வருவதில்லை.

அவர் கற்பித்த சவுத் லங்காஸ்டரின் அட்லாண்டிக் யூனியன் கல்லூரி 2018இல் மூடப்பட்டது. ஒரு ஆசிரியர் ஒரு மாணவருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் வயலின் வகுப்பு, வரவு செலவுக் கணக்கில் எப்போதும் வீண்செலவாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் தனிப்பாடம் இல்லாமல் குழு இல்லை. எனவே எஞ்சியிருக்கும் பள்ளிகளிலாவது முழுநேர வயலின் ஆசிரியர் பணியிடத்தைச் சபை நிர்வாகம் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். ஆள் ஓய்வு பெற்றதும் அதைப் பகுதிநேரப் பணியாகச் சுருக்கக் கூடாது.