பத்தாயிரம் கூடப் போட்டால்…

தேனி மாவட்டம் கம்பத்தில் போன் கடைக்குப் போனாலே, "அண்ணே, இன்னொரு பத்தாயிரம் போடுங்க, லேட்டஸ்ட் 5ஜி மாடலே எடுத்துரலாம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நாட்டுக்கு 5ஜி வந்தது 2022 அக்டோபரில். கம்பம்மெட்டு மலை ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குள் நுழைந்தால் எனக்கு 4ஜியே ஒரு கோடு காட்டினால் பெரிய விஷயம். சாயங்காலம் ஜீப் எங்கே நிற்கிறது என்று கேட்பதற்குள் "ஹலோ… ஹலோ…" என்று பேச்சு அறுந்துவிடுகிறது. இதற்கு எந்தப் போனாக இருந்தால் என்ன?

சரி, புதிதாக என்னதான் இருக்கிறது என்று திருப்பிப் பார்த்தால், பின்னால் கேமரா வட்டம் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. சார்ஜர் கிடையாது. 2020இல் ஐபோன் 12 பெட்டியிலிருந்து ஆப்பிள் அதை எடுத்தது. அப்புறம் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். விலை ஏற ஏற அந்த 18 சதவீத ஜிஎஸ்டி தொகையும் கூடவே ஏறும்.

அப்டேட்டுக்கு வேண்டுமானால் கூடக் கொடுக்கலாம். கேலக்ஸி எஸ்24க்கு ஏழு வருடம் தருவதாக சாம்சங் சொன்னது. அது நியாயமான கணக்கு. ஆனால், "தம்பி, இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஸ்கிரீன் கார்டு ஒட்டிரலாமாண்ணே?" என்பான்.